மீமுரே சுத்துநடை: நடை திறம், நடுவுல நிண்டு சல்லி வாங்கினவர்தான் சரியில்ல

மட்டக்களப்பில இருந்து, கண்டிப் பக்கம் நக்கிள்ஸ் மலைக்குள்ள இரிக்கிற மீமுரே எண்ட ஊருக்குப் போய் ரெண்டு இரவு நிண்டு, அந்தப் பள்ளத்தாக்குக்குள்ள இரிக்கிற பழைய குடியிருப்புகள ஒரு சுத்து நடந்துட்டு வந்தம். எப்பிடிப் போற, எவ்வளவு முடியும், சின்னப் புள்ளயளக் கூட்டிப் போகலாமா எண்டு ஒவ்வொராளா கேக்கிறதால ஒரேயடியா எழுதி வெச்சா ஆருக்கும் அனுப்பிவிடலாம் எண்டுதான் இது. முதல்லயே சொல்லிடுறன், நடைக்கு 5க்கு 5, நிண்ட வீட்டுக்கு 5க்கு 4, எங்கள அங்க அனுப்பிவெச்ச ஆளுக்கு 1 குடுக்கிறதே பாவம் பாத்துத்தான்.

போனது ஆறு பேர். நான், இவர், இவர்ட தம்பி, தம்பிட பெண்சாதி, அவங்கட 11 வயசுப் பொடியன், அதோட மாமி. மாமிக்கு 61 வயசு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் பொறந்து வளந்து வயலுக்குள்ள நடந்த கால், ஆனா மலை எண்டு ஏறினது குடும்பிமலை ஒண்டுதான், அதுவும் பாதி. "நான் வீட்ட இரிந்து என்ன செய்யிற, நானும் வாறன்" எண்டு ஒரே பிடி. இவர் "அம்மா உங்களுக்கு முழங்கால் உலைவு" எண்டு சொல்லிப் பாத்தார். "உலைஞ்சா நான் அந்த இடத்தில குந்துறன், நீ நட மனே" எண்டுட்டா. கடைசில ஆர் குந்தின எண்டு பின்னுக்குச் சொல்றன்.

சரி, முதல்ல கோவத்தக் கொட்டிடுறன். கண்டிப் பக்கம் பயணம் ஒழுங்கு பண்ற ஒராள்ட புக் பண்ணினம், பேர் வேணாம். தலைக்கு 14,500, பொடியனுக்கு பாதி. அதுக்குள்ள, மீமுரே றோட்டு பிரியிற ஹுன்னஸ்கிரியவில இருந்து போக வர ஜீப், ரெண்டு இரவு தங்கல், சாப்பாடு, தமிழ் கதைக்கிற கைட், "லேசான சுத்துநடை 6 கிலோமீட்டர், 3 மணித்தியாலம், ஆரும் நடக்கலாம்", இவ்வளவும் அடக்கம் எண்டு வாட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டவர், அந்த வொய்ஸ் இன்னும் என்ட போன்ல கெடக்கு. நடந்தது என்னெண்டா, ஜீப் இல்ல. தமிழ் கைட் இல்ல. 6 கிலோமீட்டர் எண்டது தம்பிட போன்ல 13க்கு மேல காட்டிச்சி, 3 மணித்தியாலம் எண்டது விடிய ஆறரைக்கு வெளிக்கிட்டு பின்னேரம் மூண்டு மணி. தங்கல் ஒண்டுதான் சொன்னபடி இரிந்த, அதுவும் அவர்ட புண்ணியத்தால இல்ல, அந்த வீட்டுக்காரர்ட குணத்தால. எங்கள்ட கிட்டத்தட்ட 80,000 வாங்கினவர் அந்த வீட்டுக்கு எங்க ஆறு பேருக்குமா சேத்துக் குடுத்தது 30,000 எண்டு வீட்டு அக்கா வாய்தவறிச் சொல்லக்குள்ள எனக்கு விளங்கிட்டு.

போற பாதை. விடிய 4 மணிக்கு கல்லடியால வெளிக்கிட்டம், செங்கலடியில திரும்பி பதுளை றோட்டால கரடியனாறு, புல்லுமலை, மஹா ஓயா, பதியத்தலாவ, அங்கால கண்டி றோட்டுக்கு மாறி மஹியங்கனை, ஹசலக. அதுவரைக்கும் நம்மட நாட்டுப்புறம் மாதிரித்தான், வயல், குளம், வெயில். ஹசலக தாண்டினாப் பிறகுதான் பதினெட்டு முடக்கு துவங்கும். றோட்ட அகலிச்ச நேரம் ஒரு முடக்கு இல்லாமப் போய் இப்ப 17 எண்டு சொல்றாங்க, பொடியன் எண்ணிக்கிட்டே வந்தான், 12வது முடக்கில சத்தி எடுத்தான், எண்ணிக்கை அதோட முடிஞ்சிது. மாமி மடியில ஒரு சட்டித் தயிர வெச்சுக்கிட்டு வந்தா, எருமைத்தயிர், போற வீட்டுக்கு வெறுங்கையோட போகப்படாது எண்டு. 17 முடக்கும் அந்தச் சட்டி ஒரு பக்கமும் சரியல்ல, பேரன் சத்தி எடுக்கக்குள்ள ஒரு கையால அவன்ட நெத்தியப் பிடிச்சிக்கிட்டு மத்தக் கையால சட்டியப் பிடிச்சிக்கிட்டு இரிந்தா.

ஹுன்னஸ்கிரியவில ஒன்பதரைக்கு இறங்கினம். ஜீப்பக் காணல்ல. கோல் எடுத்தா "அஞ்சே நிமிசம் மெடம்". அந்த அஞ்சு நிமிசம் ஒண்டே முக்கால் மணித்தியாலம் ஓடி, அதுக்குப் பிறகு போனே எடுக்கல்ல. கடைசில அங்க தேத்தண்ணிக் கடைல நிண்ட ஒரு ஐயாதான் தெரிஞ்ச பொடியன் ஒருத்தனக் கூப்பிட்டுத் தந்தார், போக வர 12,000. எங்கட வேனையும் றைவரையும் அங்கயே விட்டுட்டு ஜீப்பில ஏறினம். வேன்ல போக ஏலாதா எண்டு கேப்பீங்க. போறாக்கள் போறாங்க, ஆனா கடைசிப் பகுதி ஒடுக்கம், ஒரு பக்கம் பாறை மறுபக்கம் கிடங்கு, எதிரால ஒரு வாகனம் வந்தா ஆராவது ஒராள் பின்னுக்குப் போகோணும், நம்மட பக்கத்துச் சமதரை றைவர்மாருக்கு அது வேணாம். பஸ்ஸும் இரிக்கு, நாளைக்கு ஒண்டு ரெண்டுதான், நேரம் தவறினா அவ்வளவுதான்.

லூல்வத்தவக் கடந்து கோர்பெட்ஸ் கெப் எண்ட இடத்தில ஜீப் பொடியன் தானா நிப்பாட்டினான். இறங்கின உடன காத்து மாமிட சீலைத்தலைப்பத் தூக்கி முகத்தில அடிச்சிது. ஓகஸ்ட் மாசம், நம்மட ஊர்ல கச்சான் காத்து அடுப்புக்குள்ளால வாற மாதிரி அடிச்சிக்கிட்டு இரிக்கிற நேரம், இங்க எங்களுக்கு பல்லு அடிக்கிது. கீழ பாத்தா பள்ளத்தாக்கு முழுக்க பச்சை, சுத்திவர மலை, அதுக்கு நடுவுல ஒரு கல்லு மட்டும் தனியா முக்கோணமா நிக்கிது, அதுதான் லகேகல. இராவணன் தன்ட தண்டுமொனர வாகனத்தில பறந்தது இந்த உச்சில இருந்துதான் எண்டு அந்த ஊராக்கள் சொல்ற கதை. மாமி அதக் கேட்டுட்டு "திருகோணமலையில வெட்டு, இங்க இருந்து பறப்பு, அந்த மனிசன் ஒரு இடத்தில இரிந்த ஆள் இல்லகா" எண்டா.

இந்த மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் எண்டு பேர் வந்தது வெள்ளைக்காரன் தூரத்தில நிண்டு பாக்கக்குள்ள பொத்தின கையிட மொளி மாதிரி தெரிஞ்சதால. சிங்களத்தில தும்பர மலை எண்டுதான் சொல்ற, புகார் மூடின மலை எண்டு கருத்து, ஒரு நாள் விடிய அங்க நிண்டாத்தான் எந்தப் பேர் பொருத்தம் எண்டு விளங்கும். ஆக உசரம் கொம்பானிய 1906 மீட்டர். 2010ல யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல்ல சேத்தாங்க, ஹோட்டன் சமவெளியோடயும் சிவனொளிபாத மலைக் காட்டோடயும் சேத்து ஒரே பதிவா. இதெல்லாம் எங்கட தம்பி ஜீப்பில பாடம் எடுத்தது, ஆரும் கேக்கல்ல.

வீடு. சின்ன வீடுதான், பக்கத்தில விருந்தாளிக்கு எண்டு மூண்டு அறை இறக்கி இரிக்காங்க, சீமெந்துத் தரை, மெத்தை, நுளம்பு வலை. துப்பரவு. ஒரு மார்க் குறைச்சது ரெண்டு காரணத்துக்கு. போர்வை ஒராளுக்கு ஒண்டுதான், அந்தக் குளிருக்குக் காணாது, நாங்க கொண்டு போன துவாயெல்லாம் எடுத்துப் போத்தினம். மத்தது, கக்கூஸ் வீட்டில இருந்து தள்ளி படிக்கட்டு இறங்கிப் போகோணும், இரவில டோர்ச் இல்லாட்டி கஸ்டம், வயசானாக்களக் கூட்டிப் போறவங்க இதக் கேட்டு வெச்சிக்கங்க. எங்கட போனுக்கு சிக்னல் கிடைக்கல்ல, முன்வாசல் கல்லுக்கு மேல ஏறி கைய நீட்டினா ஒரு கோடு வரும், தம்பி அந்தக் கல்லுக்கு மேலயே ரெண்டு நாளும் சீவிச்சான்.

சாப்பாட்டில குறை சொல்ல ஏலாது. சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல், கருவாடு, காலைல குரக்கன் ரொட்டியும் கட்டச்சம்பலும், ஒரு நாள் விடிய கித்துள் மாக் கஞ்சி, கித்துள் எண்டா பனை மாதிரி ஒரு மரம். தேத்தண்ணிக்கு சீனி போட மாட்டாங்க, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியக் கையில தருவாங்க, கடிச்சிக் கடிச்சிக் குடிக்கோணும். கித்துள் எப்பிடி எடுக்கிற எண்டு பொடியன் நச்சரிச்சதால அந்த வீட்டு அண்ணன் பின்னேரம் கூட்டிப் போய்க் காட்டினார். பாளைய சீவிச் சீவி முட்டி கட்டி விடியலும் பின்னேரமும் இறக்கிற, இறக்கின உடன அடுப்பில ஏத்திடோணும் இல்லாட்டி புளிச்சிடும். மூண்டு கல்லு அடுப்பில பெரிய தாச்சி, அக்கா அகப்பையால அள்ளி அள்ளி ஊத்திப் பாக்கா, நுரை வெள்ளையா இரிந்து பழுப்பாகி, வாசம் மாறி, நூல் மாதிரி இழுபடக்குள்ள பாணி எண்டு இறக்கின. இன்னும் கொஞ்சம் விட்டு வத்தவெச்சா கருப்பட்டி, அத சிரட்டைல ஊத்தி ஆறவெப்பாங்க, அதாலதான் கருப்பட்டிக்கு அந்த அரைவட்ட உருவம். நம்மட டவுன் கடைல பாணி எண்டு போத்தில்ல விக்கிறதில பாதி சீனிப்பாகு எண்டது எனக்கு அன்டைக்குத்தான் நாக்கால விளங்கின.

அன்டு இரவு மாமிட சட்டித்தயிர் வெளிய வந்திச்சி. கோப்பை கோப்பையா வெட்டிப் போட்டா, வெட்டின இடம் வெட்டினபடி நிக்கிது, தண்ணி விடல்ல. அக்கா சூடு ஆறாத பாணிய மேலால ஊத்தினா. பாணி தயிருக்கு மேல கொஞ்ச நேரம் நிண்டு, யோசிச்சி, பிறகு ஓரத்தால இறங்கி அடிக்குப் போச்சுது. ஒருத்தரும் கதைக்கல்ல. அந்த அண்ணன் ரெண்டாம் கோப்பை எடுக்கக்குள்ள "மடகலபுவ?" எண்டு கேட்டார், மாமி ஓம் ஓம் எண்டு தலையாட்டினா, பிறகு அவர் பாணிச்சட்டியக் காட்டி "மீமுரே" எண்டார், கணக்கு சரி எண்ட மாதிரி.

இனி நடை.

கைட் எண்டு வந்தவர் 55 வயசு மதிக்கலாம், ஒல்லி, சரம், கால்ல பழைய ரப்பர் செருப்பு, கையில கத்தி. எங்கள எல்லாரையும் ஒருக்காப் பாத்தார், தம்பிட 28,000 ரூபா சப்பாத்தக் கொஞ்சம் கூடப் பாத்தார், ஒண்டும் சொல்லல்ல. சவுக்காரக் கட்டிய நனைச்சி முழங்காலுக்குக் கீழ நுரை காயக்காய பூசச் சொன்னார், அட்டைக்கு. நாங்க மாமா எண்டு கூப்பிட்டம். சிங்களத்திலயும் மாமா எண்டா மாமாதான், அந்த ஒரு சொல்லே நாள் முழுக்க ஓடிச்சி. இவருக்கு வேலை செய்யிற இடத்துச் சிங்களம் கொஞ்சம் தெரியும், அத வெச்சித்தான் மிச்சக் கதை.

பாதை இப்பிடி. மீமுரேல இருந்து வயலுக்குள்ளால இறங்கி ஹீன் கங்கையக் கடந்து மறுகரைல ஏறி, மேல இரிக்கிற பழைய குடியிருப்புகளால ஒரு வட்டம் போட்டு, கைகாவலப் பக்கமா இறங்கி திரும்ப மீமுரே. வந்த வழியால திரும்பிறதே இல்ல. எனக்கு இந்த நடையில ஆகப் பிடிச்சது அதுதான், மலை ஏறி உச்சில படம் எடுத்துட்டு அதே பாதையால இறங்கிற நடை எனக்கு ஏதோ கடைக்குப் போய் சாமான் வாங்கிட்டு வாற மாதிரி. இது ஒரு வீட்டு முத்தத்தால உள்ள போய் அடுத்த வீட்டுக் கோடியால வெளிய வாற நடை. இந்தப் பாதை நடக்கிறவங்களுக்காகப் போட்டதும் இல்ல, மிளகும் நெல்லும் தலையில சுமந்தாக்கள், பள்ளிக்கூடம் போன புள்ளையள், செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் போனாக்கள், அவங்கட கால் போட்ட பாதை.

வயல்ல நிண்டுதான் மாமிட நாள் துவங்கிச்சி. நம்மட பக்கம் வட்டை எண்டா கண்ணுக்கெட்டின தூரம் தட்டு மாதிரி சமம், வரம்பு முழங்காலுக்கு வராது. இங்க படி படியா, ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவுல மனிசன் உசரத்துக்கு வரம்பு, சில இடத்தில கல்லு அடுக்கி இரிக்கு, ஒரு துண்டு வயல் எங்கட வீட்டு விறாந்தை அளவுதான். மேல் வயல்ட தண்ணி வரம்பில வெட்டின வாயால கீழ் வயலுக்கு விழுகிது. மாமி குனிஞ்சி அந்த வாயில கை வெச்சிட்டு, தனக்குத் தானே சொல்ற மாதிரி, "வக்கடைய எவ்வளவு நேர்த்தியா வெட்டியிரிக்கான் பாரு" எண்டா. முன்னுக்குப் போன மாமா நிண்டு திரும்பினார். "வக்கட?" எண்டார். மாமி ஓம், வக்கடை. அவர் கத்தியால அந்த வாயக் காட்டி, "வக்கட!" எண்டு சிரிச்ச சிரிப்பில வெத்திலைக் காவி முழுக்கத் தெரிஞ்சிது. அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் எங்கள விட்டுட்டாங்க. மாமி வரம்பக் காட்டுவா, அவர் "நியர" எண்டுவார், இது ஒத்து வரல்ல. களத்தக் காட்டினா "கமத". அதுவும் இல்ல. மாமிட அப்பா ஒரு காலத்தில வட்டவிதானை, தண்ணி பங்கிடுற ஆள், அத இவர் மொழிபெயர்த்துச் சொல்ல வெளிக்கிட முந்தியே மாமி "விதானை" எண்டா, அவர் "ஆ, வெல் விதானே!" எண்டு தன்ட நெஞ்சத் தொட்டுக் காட்டினார், அவர்ட தகப்பனும் அதுதானாம். நாங்க அஞ்சு பேரும் படிச்ச ஆக்கள், ரெண்டு பேர் அரச உத்தியோகம், எங்களுக்கு அந்த வயல்ல ஒரு சொல்லும் தெரியா.

ஆத்தில தண்ணி முழங்காலுக்கு, ஐஸ். கல்லு வழுக்கும், கை கோத்துக் கடந்தம். ஓகஸ்ட் எண்டதால பரவாயில்ல, மாரி மழைக்கு இந்தப் பக்கம் நல்லா நனையிற இடம், நவம்பர் டிசம்பர்ல போகாதீங்க, ஆறும் விடாது அட்டையும் விடாது.

மறுகரை ஏத்தம்தான் கஸ்டம், ஒண்டரை மணித்தியாலம் விடாம ஏத்தம். இங்கதான் குந்தினது. மாமி இல்ல, நான். எனக்குப் பக்கத்தில இவர், அவருக்குப் பக்கத்தில 28,000 ரூபா சப்பாத்து. மாமி சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு மேல நிண்டு "வாங்ககா, வெயில் ஏறுது" எண்டு கூப்பிடுறா. அவட கால்ல பாட்டாச் செருப்பு.

காட்டுக்குள்ள ஒரு இடத்தில கல்லால கட்டின பழைய சூளை ஒண்டு, கூரை இல்ல, உள்ளால மரம் முளைச்சி நிக்கிது. ஏலக்காய் காயவெச்ச இடம். இந்த மலைக் காட்டுக்குள்ள பெரிய மரத்த விட்டுட்டு கீழால வெட்டி ஏலம் வெச்சது கனகாலம், 2000ல பாதுகாக்கப்பட்ட காடு எண்டு அறிவிச்சாப் பிறகு அந்தத் தொழில் படுத்திட்டு. காட்டுக்கு அது நல்லது, அத நம்பி இரிந்த குடும்பங்களுக்கு எப்பிடி எண்டு மாமாட்டக் கேட்டதுக்கு அவர் தோளக் குலுக்கினார், அவ்வளவுதான். இன்னும் காட்டு ஏலம் அங்கங்க நிக்கிது, ஒரு இலையப் பிச்சிக் கசக்கித் தந்தார், கை நாள் முழுக்க மணத்த. அந்தச் சூளைக்குப் பக்கத்துக் கொப்பிலதான் பொடியன்ட நாள் நிறைஞ்சிது, மூக்கில இலை முளைச்ச மாதிரி ஒரு ஓணான், அசையாம இரிக்கி, மாமா கத்தி நுனியால காட்டியிருக்காட்டி நாங்க ஒருத்தரும் கண்டிரிக்க மாட்டம். உலகத்திலயே இந்த மலைத்தொடர்ல மட்டும்தான் இந்த இனம் இரிக்கி. பிடிக்கவோ தொடவோ விடல்ல, விடவும் கூடாது.

அதுக்கு மேல பழைய குடியிருப்பு. எட்டு வீடு இரிக்கும், ரெண்டு வீட்டிலதான் ஆக்கள். ஒரு வீட்டில வயசான அம்மா ஒராள் மிளகு காயப்போட்டுக்கிட்டு இரிந்தா, எங்களக் கண்டதும் கேக்காமலே தேத்தண்ணி வெச்சா, சல்லி குடுக்க வாங்கல்ல, மாமி கொண்டு போன பிஸ்கட் பெட்டியக் கையில வெச்சிட்டு வந்தா. மிச்ச வீடுகள்ல சில பூட்டு, சில கூரை இறங்கிட்டு. புள்ளையள் படிக்க, வேலைக்கு எண்டு தெல்தெனிய, கண்டிப் பக்கம் போனதுகள், தாய் தகப்பனும் பிறகு அங்கால. மாமாட மூண்டு புள்ளையளும் கீழதான். இரிக்கிறவங்களுக்கு பயிர காவல் காக்கிறது பெரிய பாடு, நம்மட படுவான்கரைக்கு யானை எண்டா இவங்களுக்குப் பண்டியும் குரங்கும்.

அங்கால ஒரு இடத்தில காடு மாதிரித்தான் இரிந்த, எனக்கு ஒண்டும் தெரியல்ல. மாமி நிண்டுட்டா. "இது வளவு" எண்டா. எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். "கமுகு வரிசைக்கு நிக்கிது, பலா நிக்கிது. காட்டில கமுகு வரிசைக்கு முளைக்காது புள்ள." மாமா ஓம் எண்டு போய்ச் செடியக் கத்தியால விலக்கினார், மண் திண்ணை ஒண்டு, பாதி கரைஞ்சி, அதுக்கு அங்கால மூண்டு கல்லு அடுப்பு அப்பிடியே. கல்லில கரி இன்னும் இரிந்த. மாமி அதத் தொட்டுப் பாத்துட்டு விரல சீலைல துடைச்சா. 2007ல சண்டை நேரம் படுவான்கரையால எல்லாரும் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரக்குள்ள தங்கட ஒழுங்கைய புல்லு மூடி, வளவு எது றோட்டு எது எண்டு தெரியாம, கடைசில பூவரசுக் கதியால வெச்சித்தான் வீட்டக் கண்டுபிடிச்ச எண்டு சொன்னா. நான் அவட மருமகளா வந்து ஏழு வருசம், இந்தக் கதைய அன்டைக்குத்தான் கேட்ட. மாமா ஒண்டும் விளங்காம நிண்டு கேட்டார், இவர் மொழிபெயர்க்கவும் இல்ல.

பிறகு இறக்கம். இறக்கத்தில ஒரு வெட்டை வரும், அங்க நிண்டா லகேகல நேர எதிரால, கீழ வயல் படி படியா, படம் எடுக்கிறாக்கள் அங்க எடுங்க. கைகாவலக்கு இறங்கக்குள்ள முழங்கால் வேலையக் காட்டும், ஒரு தடி வெட்டித் தரச் சொல்லுங்க. கடைசித் துண்டு வாகனப் பாதையால, அது சுவாரசியம் இல்ல, வெயில், பசி, தம்பிட சப்பாத்துக்குள்ள அட்டை நாலு. மாமிட கால்ல ஒண்டும் இல்ல, செருப்புக்கு அட்டை ஏறினா கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம், சப்பாத்துக்குள்ள போனா அது சொந்த வீடு மாதிரி. மாமா அதத்தான் விடிய பாத்துச் சிரிச்சிரிக்கார்.

கைட்டுக்கு நாங்க புறம்பா 6,000 குடுத்தம். புக் பண்ணினவர் அவருக்கு என்ன குடுத்த எண்டு கேட்டதுக்கு அவர் சொன்ன தொகைய இங்க எழுத எனக்கு வெக்கமா இரிக்கி.

இனி போறவங்களுக்கு. நடுவுல ஆரையும் பிடிக்காம நேரடியா ஊருக்குள்ள இரிக்கிற வீடுகளோட கதைச்சிப் போங்க, கொஞ்சம் சிங்களம் தெரிஞ்ச ஆளக் கொண்டு கோல் எடுத்தாக் காணும், எங்கட வீட்டு அக்கா நேரடியா வந்தா ஒராளுக்கு ஒரு நாளைக்கு மூண்டு நேரச் சாப்பாட்டோட 4,500 எண்டு சொன்னா. ஜீப்ப ஹுன்னஸ்கிரியவில பேசி எடுங்க, ஏறமுந்தி போக வர எண்டு தெளிவாச் சொல்லுங்க. காட்டுக்குள்ள போறதுக்கு வன இலாகா டிக்கெட் எடுக்கோணும், அத ஊர் கைட்டே பாத்துச் சொல்லுவார். கைட் இல்லாம சுத்துநடைக்கு வெளிக்கிடாதீங்க, பாதை பல இடத்தில பாதை மாதிரியே இல்ல, நடக்கிற ஆக்கள் குறைஞ்ச பாதை, புகார் இறங்கினா முன்னால நிக்கிற ஆளையும் தெரியா. காசக் கையில கொண்டு போங்க, அங்க மெசின் இல்ல. நோவுக்குப் பூச சித்தாலேப, டோர்ச், தடிப்பான போர்வை ஒண்டு, இதுகளையும் கொண்டு போங்க. சத்தமாப் பாட்டுப் போடுற ஸ்பீக்கர வீட்டில வெச்சிட்டுப் போங்க, மற்ற வீட்டில நிண்ட ஒரு கூட்டம் இரவு ஒரு மணி மட்டும் போட்டுது, அந்த ஊராக்கள் விடிய அஞ்சு மணிக்கு கித்துள் இறக்கப் போறவங்க. ஆத்தில பொலித்தீனும் போத்திலும் கண்டன், அது ஊராக்கள் போட்டதும் இல்ல.

இப்பிடி எழுதினா இன்னும் கூட்டம் போகும் எண்டு இவர் சொல்றார், அதுவும் ஒரு கதைதான். ஆனா போறவங்க வீட்டுக்காரருக்கு நேர சல்லி குடுத்துட்டு, பாணியையும் மிளகையும் அங்கயே வாங்கினா, அந்த ரெண்டு வீட்டில விளக்கு கொஞ்சம் கூட நாளைக்கு எரியும் எண்டு நினைக்கிறன். நாங்க பாணி நாலு போத்தில் எடுத்தம், ஒண்டு 1,800.

திரும்பி வரக்குள்ள மஹா ஓயா வெந்நீர்க் கிணத்தடியில ஒரு மணித்தியாலம் நிண்டு காலுக்கு ஊத்தினம், அது கட்டாயம் செய்யுங்க, உலைஞ்ச காலுக்கு அதவிட மருந்தில்ல. மாமிக்குக் கால் உலையல்லயாம், ஆனா எங்கள விட நேரம் ஊத்தினா. தயிர்ச் சட்டிய அந்த அக்காட்டயே விட்டுட்டு வந்த, அதுக்குப் பதிலா ஒரு பழைய பால்மா டின்ல மிளகுக் கொடித் தண்டு மூண்டு மண்ணோட வெச்சித் தந்தவ. ரெண்டு தண்டு கச்சானுக்குக் காஞ்சிட்டு. ஒண்டு பூவரசில ஏறுது.

புக் பண்ணினவர் ஜீப் காசு 12,000 திருப்பித் தாறன் எண்டவர், மூண்டு தரம் கோல் எடுத்தாப் பிறகு 6,000 போட்டார். மிச்சம் 6,000 இன்னும் வரல்ல. வந்தா சொல்றன், மார்க்க 2 ஆக்கலாம்.